விளக்குப் படம் போட்ட டெம்ப்ளேட்

தடால்!

கஃப் ரோட்டிலுள்ள கோவிந்தராசு கேட்டரிங் அலுவலகத்தின் கதவை இடித்துக்கொண்டு ஆளுயர மலர்வளையம் ஒன்று உள்ளே நுழைந்தது. அதன் பின்னாலிருந்து கண்கலங்கியபடி வெளிப்பட்டார் பூக்கடை செல்லக்கண்ணு.

"நல்ல மனுசன்! இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாரேம்மா!"

அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த யாமினி ரிப்பனைப் படித்தாள். 'அமரர் கோவிந்தராசு அவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி.'

முதலாளி இப்போதுதானே நுரை பொங்கும் தே தாரேக் டீயைக் குடித்துவிட்டு, பூன் லேயில் திறக்கப்போகும் புதுக் கிளைக்குக் கிளம்பினார்?

"யாருண்ணே சொன்னது?"

"உங்க கம்பெனிலேருந்துதான் மெசேஜ் வந்துச்சு!"

யாமினி கணினியின் பக்கம் பாய்ந்தாள். காலை பத்து மணிக்கு, புது மென்பொருளில் விளக்குப் படம் போட்ட டெம்ப்ளேட்டைப் பொறுக்கி, பெயருக்கான இடத்தில் முதலாளி பெயரை நிரப்பி, அறுநூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பியிருந்தாள். இப்போது திறந்து பார்த்தால், விளக்குப் படத்தில் இரண்டு டெம்ப்ளேட்! ஒன்று வாழ்த்து. இன்னொன்று இரங்கல். எதைத் தொட்டோம்? 'அனுப்பப்பட்டது: 612' என்பதற்கு மேல் மென்பொருள் எதுவும் சொல்லவில்லை.

நாளைதான் அவள் வேலை நிரந்தரமாகும் நாள்.

"ஐயோ, சீக்கிரம் மன்னிப்புக் கேளு லா!" என்றான் பக்கத்து மேசை சரத்.

அந்த மென்பொருளில் சொந்தமாக ஒரு வரிகூட எழுத முடியாது. 'வருந்துகிறோம்' என்று தொடங்கிய டெம்ப்ளேட்டை அனுப்பினாள். பிறகுதான் மீதியைப் படித்தாள். 'வருந்துகிறோம். தாமதமானாலும், மூன்று வேலை நாள்களுக்குள் கட்டாயம் முடித்துவிடுவோம்.'

"செத்தவரை மூணு நாள்ல முடிக்கப்போறியா?" சரத் தலையில் அடித்துக்கொண்டான். "நடக்கலன்னு சொல்ற மாதிரி ஒண்ணு தேடு!"

தேடினாள். கிடைத்தது. 'மேற்கண்டது ரத்து செய்யப்பட்டது.' அப்பாடா! அழுத்தினாள்.

அரை நிமிடம்தான் போனது. அப்புறம் அலுவலகத்திலிருந்த ஐந்து தொலைபேசிகளும் ஒன்றாக அலறின.

"தோ பாயோ சுஷ்மிதா பேசுறேன். நாளன்னிக்குத் தீபாவளி! என் முறுக்கை ரத்து பண்ண நீங்க யாரு?"

"நாப்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கேன். கேன்சலா? வெளையாடுறீங்களா?"

யாமினி ரிசீவரைக் கீழே வைக்கும் முன் கதவு மறுபடியும் தடாலென்று திறந்தது. முகம் சிவக்க, உயிரோடு, கோவிந்தராசு!

செல்லக்கண்ணு வீலென்று அலறி மலர்வளையத்துக்குப் பின்னால் பதுங்கினார்.

"என் தீபாவளி ஆர்டரையெல்லாம் ரத்து பண்ணது யாரு?"

"ஆர்டரை இல்ல பாஸ்." யாமினி அழுதேவிட்டாள். "உங்க சாவைத்தான் ரத்து பண்ணேன்!"

தட்டுத் தடுமாறி அவள் சொல்லி முடிக்க, முதலாளி துள்ளிக் குதித்தார்.

"படத்தைப் பார்த்தா டெம்ப்ளேட் எடுப்பே? படிக்க மாட்டே? நாளையிலேருந்து நீ வரவே வேணாம்! அங்க என்னடான்னா, கிளைத் திறப்புக்கு வாசல்ல வைக்க நான் சொன்ன பூ ஸ்டாண்டும் வரல!"

மலர்வளையத்துக்குப் பின்னாலிருந்து செல்லக்கண்ணு மெல்லத் தலையை நீட்டினார்.

"அந்த ஸ்டாண்டு இதுதான் முதலாளி! நேத்து ராத்திரி உங்க போன்லேருந்து, கம்பெனி பேருல, பூ ஸ்டாண்டு கேட்டு வெளக்குப் படம் போட்டு வந்த மெசேஜ்ல, இந்த ரிப்பன்ல இருக்கிற இதே வாசகந்தான் இருந்துச்சு, வீட்டுல யாரோ அனுப்புறாங்கன்னு நெனச்சேன். இந்தத் தங்கச்சி காலையில அனுப்புனது எனக்கும் வந்துச்சே, அது வெறும் தீபாவளி வாழ்த்துதானே!"