பூசணிக்காய்க்கு எடை போட்ட நர்சம்மா

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மறதி வேறு. முன்னே பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் எங்கள் பூசணி நர்சம்மா அளவுக்குப் பூசணிக்காய்க்கு எடை போட்டவர்கள் யாரும் கிடையாது. காய்கறி மண்டிக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளுடைய சொந்தப் பேர் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

பிரசவமான வீடுகளைத் தேடிப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவள் வேலை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஸ்கூட்டரின் முன்பக்கம் பூசணிக்காய் உட்கார்ந்திருக்கும். தோள்பையில் தொங்கு தராசு. வீட்டுக்குள் வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்பாள். நாம் அவளுக்குத்தான் தாகம் என்று கொடுப்போம். அதை அப்படியே பிள்ளை பெற்றவள் கையில் கொடுத்து, "குடி, நான் பாக்கணும்" என்பாள். மாமியார்கள் பல்லைக் கடிப்பார்கள்.

அப்புறம் உத்தரத்தில் தராசை மாட்டி, பூசணிக்காயைத் தூளியில் வைத்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள்: "ரெண்டு கிலோ எண்ணூறு! கண்ணு வைக்கிறவங்கல்லாம் வந்து இதும் மேல வச்சிட்டுப் போங்க!" அடுத்துப் பிள்ளையை வைப்பாள். வாயே திறக்க மாட்டாள். பேனா மட்டும் ஓடும்.

ஒருமுறை பெரிய டாக்டர் அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துப் பதறிப்போனாராம்.

"என்னம்மா, இந்தக் குழந்தை மூணு வாரமா ஒரு கிராம்கூட ஏறல? பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலியா?"

"அது பூசணிக்கா சார்."

"பூசணிக்காய்க்கு எதுக்கும்மா எடை?"

"அதுக்குப் போட்டாத்தான் சார் புள்ளைக்குப் போட வுடறாங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, காயையாவது மாத்துங்க. அழுகியிருக்கும்" என்றாராம்.

இன்னொரு முறை, மழையில் பஸ் ஸ்டாண்ட் அருகே ஸ்கூட்டர் சறுக்கிக் காய் சிதறியது. அவளும் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். யாரோ திருஷ்டி கழித்திருக்கிறார்கள் என்று ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். தூக்கிவிட ஒருத்தர் வரவில்லை. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாரும்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பூசணிக்காய் புறப்பட்டது என் வீட்டிலிருந்து. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பூசணிக்கு முன்னால் அவளுக்கு உள்ளங்கால் நர்சு என்று பேர். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே மாட்டாள். "மூஞ்சியப் பாத்துட்டுப் போனா, நாளைக்கு அது தும்முனாக்கூட என் கண்ணுதான்னுவீங்க" என்பாள். உள்ளங்காலைத்தான் தொட்டுப் பார்ப்பாள். எடை போட்டு முடித்ததும் அந்தக் காலில் நீலப் பேனாவால் ஒரு டிக் போடுவாள், டீச்சர் நோட்டில் போடுகிற மாதிரி.

என் மகள் கோமதி தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள். பெண் குழந்தை. எனக்குத் தராசு என்றாலே நடுக்கம். என் மூத்த பிள்ளையை முகாமில் எடை போட்டு, நல்ல எடை என்று எல்லாரும் சொன்ன மூன்றாம் நாள் அது காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சல்தான் கொண்டுபோனது. என் மனசில் மட்டும் தராசு என்றே பதிந்துவிட்டது.

மூன்றாம் நாள் நர்சம்மா வந்தபோது, பிள்ளை தூங்குகிறது என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். ஏழாம் நாள் என்ன செய்வது? எதிர்வீட்டுப் பவுனுக்கும் அதே நாளில் பேத்தி பிறந்திருந்தது. கொழுகொழு பிள்ளை. பவுனுதான் யோசனை சொன்னாள்.

"என் பேத்தியத் தூக்கினு போய்க் காட்டுடி. ரெண்டு தபா தராசுல ஏறுனாலும் இது கரையாது."

அப்படியே செய்தோம். கோமதி அசந்து தூங்குகிறாள் என்று நர்சம்மாவைக் கூடத்தோடு நிறுத்திவிட்டேன். என் வீட்டில் எடை போட்ட பிள்ளை, நர்சம்மா தெருவைச் சுற்றி வருவதற்குள் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. காலில் இருந்த டிக்கைப் பவுனு தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டாள். இரண்டு வீட்டிலும் மூன்று கிலோ ஐம்பது. "ஒரே தெருவுல ரெட்டப் புள்ள மாதிரி இருக்குதுங்களே!" என்று நர்சம்மா சிரித்துக்கொண்டே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு நாங்களும் சிரித்தோம்.

பதினாலாம் நாளும் அதையே செய்தோம். ஆனால் அன்றைக்குப் பவுனு எண்ணெய் போட மறந்துவிட்டாள்.

நர்சம்மா செருப்பைப் பவுனு வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள்.

"அக்கா, அந்த வூட்டுப் புள்ள கால்ல என் டிக்கு இருக்குது. உன் பேத்தி எங்க?"

நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்கக்கா?"

உள் அறையைக் காட்டினேன்.

காற்று படக்கூடாது என்று ஜன்னலில் புடவையைக் கட்டி அடைத்திருந்தேன். கோமதிக்கு உதடு வெடித்துக் கிடந்தது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் ஜன்னி வரும் என்று, ஒரு நாளைக்கு அரை டம்ளருக்கு மேல் நான் கொடுக்கவில்லை. பால் ஊறவில்லை. பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தோம். இரண்டு நாளாக அது அழவே இல்லை. சமத்துப் பிள்ளை என்று பவுனிடம் பெருமை பேசியிருந்தேன்.

நர்சம்மா அதன் உள்ளங்காலைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது போல, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பிள்ளையின் முகத்தை அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

கோமதியின் ரவிக்கையை அவிழ்த்து, பிள்ளையை அவள் மார்போடு சேர்த்துக் கட்டினாள். நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். வண்டியில் தானும் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். பிள்ளை இரண்டு நாள்தான் இருந்தது. பேர் வைத்திருக்கவில்லை.

அங்கே கோமதிக்குத் தண்ணீரும் கஞ்சியும் வேளாவேளைக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குப் பால் வந்தது. பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டது.

அந்தக் காய்ச்சலில் அவள் கிடக்கும்போது நர்சம்மா மறுபடி வந்தாள். அவள் கணக்கில் அது ஏதோ ஒரு நாள். கையில் தராசு இல்லை. பவுனு வாசலில் நின்று கேட்டாள்.

"புள்ளயே இல்ல. இன்னாத்துக்கு வர்ற?"

"பெத்தவ இருக்காளே."

கோமதியைத் தண்ணீர் குடிக்க வைத்தாள். ஈரத்துணி போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. கோமதி அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே உட்கார்ந்திருந்தாள். அடுத்த கணக்குக்கும் வந்தாள். அதற்கடுத்ததுக்கும் வந்தாள்.

கடைசி நாள், அடுப்படியில் என் பக்கத்தில் வந்து குந்தினாள். இன்றைக்கு ஏசித் தீர்த்துவிடுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏழாம் நாளு ரெண்டு வூட்லயும் ஒரே எடை. நான் சிரிச்சிட்டுப் போயிட்டேன்க்கா" என்றாள். அடுப்பில் எரிகிற விறகை உள்ளே தள்ளினாள்.

அப்புறம், "தராசுல கண்ணு பட்டுடும்னுதான மறைச்ச? அந்தக் கண்ண வேற எங்கனா வைக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருந்த பூசணிக்காயைக் கையால் காட்டினேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி அவிழ்த்தாள்.

"இத எடுத்துக்கட்டுமா?"

காயோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கதவு திறக்காத வீடாகப் பார்த்துப் போவாள். பூசணிக்காயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அதற்கும் திறக்கவில்லை என்றால் முழங்கையால் என்னை இடிப்பாள். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வேன். "நான் மறைச்சேன்." அதைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். ஆனால் அதைக் கேட்டபிறகு கதவைத் திறக்காதவர்களை நான் பார்த்ததில்லை. பவுனு வீட்டில் அடுத்த பேரன் பிறந்தபோது, அவளே வாசலுக்கு வந்து, "காயக் கொண்டாந்தீங்களாடி?" என்றாள். கோமதிக்கு அப்புறம் ஒரு மகன் பிறந்தான். அவனுக்கு முன்னால் பூசணிக்காயைத் தூளியில் வைத்தது நான்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

நர்சம்மா ரிட்டையராகிச் செஞ்சியில் தனியாக இருக்கிறாள். இந்த மாதம் முட்டியில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, வந்த நாளிலிருந்து விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, பஸ் ஏறிப் போனேன். கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"மூணாம் நாளு" என்றேன்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம், "காயி கொண்டாந்தியாக்கா?" என்று கேட்டாள்.

"கொண்டாந்தேன். நீ தண்ணி குடிச்சியா?"

ஏழாம் நாளும் போய்விட்டு வந்தேன். பதினாலாம் நாள் வருகிற செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு அவள் பிரசவ வீடுகளுக்கு எந்தெந்த நாளில் வருவாள் என்பதுதான் எனக்கு மறந்துவிட்டது. அவளைக் கேட்டால், "போதும், வராத" என்பாள். உங்கள் ஊர் நர்சம்மாவிடம் விசாரித்து யாராவது எனக்குச் சரியாக எழுதிப் போடுங்கள். ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது.