படுத்துக்கொண்டு பறந்த ராக்கெட்

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறேன். ஒரு முறம் நிறைய இருக்கிறது. கை பாட்டுக்குக் கிள்ளும். வாய் சும்மாதானே இருக்கிறது, அதனால் சொல்கிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். உள்ளே ஆணி அடிக்கிற சத்தம் கேட்கிறதல்லவா? அது என் வீட்டுக்காரர் புனிதன். அவர் காதில் இது விழக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர். கையில் சுத்தியல். இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்க நான் நாலு மாதம் காத்திருந்தேன்.

எங்களுடையது தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. பலகைச் சுவர். பலகைக்குப் பலகை இடுக்கு. இந்த மலைப் பனிமூட்டம் கதவைத் தட்டிவிட்டு வருகிற விருந்தாளி இல்லை. இடுக்கு வழியாக நுழையும், நேராக என் மகன் ஷர்வின் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஷர்வினுக்கு எட்டு மாதம். மாதத்துக்கு ஒரு பல் வருகிறதோ இல்லையோ, ஒரு சளி வந்துவிடும்.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டார்கள். "தொட்டில் பக்கம் காத்து வருதா?"

"வருது மிஸ்ஸி."

"அடைங்க லா! இன்னொரு தடவை நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் பதறிப்போனார். அன்றைக்கே திரிங்காப் டவுனுக்குப் போய், எட்டு பிளைவூட் பலகை வாங்கி, தெரிந்தவர் காய்கறி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாசல் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். "அடுத்த ஞாயிறு அடிச்சிடறேன்" என்றார்.

பலகைக்குப் பின்னால் பூனை குட்டி போட்டது. குட்டிகள் கண் திறந்தன. வளர்ந்தன. ஆளுக்கொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. பலகை அங்கேயே இருந்தது.

அப்போதுதான் அந்தக் கதை வந்து சேர்ந்தது.

இவரும் பக்கத்து வீட்டு நாகப்பன் அண்ணனும் கொழுந்து வெட்டுகிற மெஷினுக்கு ஜோடி. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு செடிக்கு மேலே நடக்க வேண்டும். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் நாகப்பன் அண்ணன், "இப்பல்லாம் கைப்பேசிகிட்ட கேள்வி கேட்டா மனுசன் மாதிரி பதில் சொல்லுது" என்றாராம். இவர், "இதெல்லாம் நான் எட்டு வயசுலயே கதையில படிச்சிட்டேன்" என்றாராம். "எந்தக் கதை?" என்று அண்ணன் கேட்டார். அங்கே மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"தனுஜா, ஒரு முடிவு பண்ணிட்டேன்."

நான் ஆசையாகப் பலகையைப் பார்த்தேன்.

"அந்தக் கதையக் கண்டுபிடிக்காம இந்தக் கை இனிமே வேற வேலை செய்யாது."

"என்ன கதைங்க?"

"விஞ்ஞானக் கதை. செவ்வாய் கிரகத்துக்கு ஒரு ராக்கெட்டு போகுது. அதுல ஒரு தலைவரு, அவருக்குத் துணைக்கு ஒரு எந்திர மனுசன். திரும்பி வரணும், எண்ணெய் பத்தல. பாரத்தக் குறைக்கணும். எந்திர மனுசன அங்கேயே இறக்கிவிட்டாத்தான் தலைவரு வீடு வந்து சேரலாம்."

"ஐயோ. இறக்கி விட்டுட்டாரா?"

"அதான் தெரியலையே! இருபத்தஞ்சு வருசமா தெரியலையே!" அவர் குரல் உடைந்தது. பொய் சொல்லவில்லை, கண்கூடக் கலங்கியது. "அவன் இரும்புக் கைய நீட்டுறான். அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம்..."

"அப்புறம்?"

"மிளகு ரசம் வைக்கிறான்."

"யாரு?"

"எந்திர மனுசன்தான். மிளகு, சீரகத்த நெய்யில வறுத்து. நல்லா ஞாபகம் இருக்கு. படம்கூடப் போட்டிருந்துச்சு. அந்த ராக்கெட்டு எல்லா ராக்கெட்டு மாதிரி நிமிர்ந்து போகாது. படுத்துக்கிட்டுப் போகும்."

"எதுல படிச்சீங்க?"

"புத்தகமா, பேப்பரா, ஒண்ணும் ஞாபகமில்ல. படிக்கிறப்போ கழுத்து வலிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு."

முதல் ஞாயிறு தானா ராத்தாவுக்குப் போனோம். அங்கே முகம்மது கனி பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வாசலில் தமிழ்ப் பத்திரிகையும் தொங்கும். முப்பது வருஷமாக விற்கிறார். அவருக்குத் தெரியாத கதையா? இவர் முழுக் கதையையும் சொன்னார். பாய் ரொட்டி வீசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தம்பி, செவ்வாயில தண்ணியே இல்லேங்கறாங்க. ரசத்துக்கு என்ன பண்ணினான்?"

"அது கதை பாய்."

"கதைன்னாலும் புளியக் கரைக்கணும்ல? கறிவேப்பிலைக்கு எங்க போனான்? எனக்கே கிடைக்க மாட்டேங்குது."

மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் பிள்ளையின் குல்லாயை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வாட்ஸ்அப் குழுக்களில் கதையைக் கேட்டுக் குரல் பதிவு போட்டார். நூறு பேர் பதில் போட்டார்கள். ஒருத்தர் பேய்க் கதை அனுப்பினார். ஒருத்தர் நிலம் விற்பனைக்கு இருக்கிறது என்றார். ஈப்போவிலிருந்து ஓர் அம்மா, பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டால் ரசம் இன்னும் மணக்கும் என்று எழுதினார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு யாரோ ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று போய், பழைய வார இதழ்கள் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். எங்கே வைத்தார்? பலகைக்கு முன்னால். இப்போது பலகை கண்ணுக்கே தெரியவில்லை.

தோட்டத்திலும் இதே கதைதான். நடக்கிறபோதே செவ்வாய்க்குப் போய்விடுவார், மெஷின் ஒரு பக்கம் சாயும். கங்காணி வந்து செடி நிரையைப் பார்த்துவிட்டு, "என்ன புனிதா, செடிக்குக் கிராப்பு வெட்டினியா?" என்று கேட்டாராம்.

அந்த வாரம் ஷர்வினுக்கு மறுபடியும் சளி. மூச்சு விடும்போது நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம். நீராவி பிடித்து, தோளில் போட்டு நடந்து, ஒரு வழியாகத் தூங்கவைத்தேன். இவரிடம் சண்டை போடலாம் என்று நினைத்தேன். எனக்குச் சண்டை வராது. வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும்.

மறுநாள் பிள்ளையின் காலுறை ஒன்றைக் காணோம். அலமாரிக்குப் பின்னால் விழுந்திருக்கும் என்று நகர்த்தினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது என் மாமனார் இருந்த வீடு. இவர் பிறந்து வளர்ந்ததும் இதே வீட்டில்தான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் மைதா மாவைக் கிண்டி, பழைய பத்திரிகைத் தாளைச் சுவர் முழுக்க ஒட்டிவிடுவார். காற்றும் வராது, வீடும் புதுசு மாதிரி இருக்கும். பழையதை உரிக்க மாட்டார். அதன் மேலேயே அடுத்த வருஷத்துத் தாள். அவர் ஈப்போவில் மூத்த மகன் வீட்டுக்குப் போன பிறகு ஒட்ட ஆளில்லை. காய்ந்து, வெடித்து, ஓரம் ஓரமாகப் பிரிந்து தொங்குகிறது.

அலமாரிக்குப் பின்னால் மேல்தாள் எல்லாம் உரிந்து கிடந்தது. அடியில் ஒரு ராக்கெட். படுத்துக்கொண்டு போனது.

நான் கழுத்தைச் சாய்த்தேன். ராக்கெட் நிமிர்ந்தது.

மாமனார் தாளைக் குறுக்கே திருப்பி ஒட்டியிருக்கிறார். அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு தாள், அதுவும் குறுக்கே, முதல் தாளின் ஓரத்தில் ஏறி ஒட்டியிருந்தது. இந்தத் தாளில் 'எந்திர மனிதன் தன் இரும்புக் கையை நீட்டி' என்று ஒரு வரி முடிந்தது. அதற்கு நேராக அந்தத் தாளில் 'மிளகையும் சீரகத்தையும் நெய்யில் வறுத்து' என்று ஆரம்பித்தது. அது சமையல் பக்கம்.

கழுத்து வலிக்க வலிக்கப் படித்தேன். அடியில், 'தொடர்ச்சி 14-ஆம் பக்கம்' என்று இருந்தது. பதினாலாம் பக்கம் அடுத்த சுவர்ப் பலகையில், வேறொரு தாளுக்கு அடியில் மறைந்திருந்தது. கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவி காட்டி, கிழியாமல் உரித்தெடுத்தேன். முடிவைப் படித்தேன். தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

அவர் வந்ததும் காட்டியிருக்கலாம். நல்ல பெண்சாதி காட்டியிருப்பாள். ஆனால் காட்டினால் என்ன ஆகும்? படிப்பார். அழுவார். சாப்பிடுவார். படுப்பார். பலகை அங்கேயே இருக்கும். பூனையும் மறுபடி வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுற்றுகிறது.

அலமாரியை இருந்த இடத்துக்கே தள்ளினேன். முதல் பாதி அதன் பின்னால் சுவரிலேயே இருக்கட்டும். சாயங்காலம் அவர் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"ஏங்க, அந்த ராக்கெட்டு படுத்துக்கிட்டுப் போச்சுன்னீங்களே. அது படுத்திருந்துச்சா, நீங்க படுத்திருந்தீங்களா?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. அவர் கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. கண் சுவருக்குப் போனது.

"தனுஜா! சுவரு! அப்பா ஒட்டின பேப்பரு! நான் பாயில படுத்துக்கிட்டுச் சுவத்துலதான் படிச்சிருக்கேன்! கண்டுபிடிச்சிட்டேன்!"

"அடேங்கப்பா!" என்றேன்.

"உனக்கெல்லாம் இது தோணுமா?"

"எனக்கு எப்படிங்க தோணும்."

எச்சில் கையோடு எழுந்துவிட்டார். உட்காரவைத்தேன்.

"சின்ன பிள்ளையில எந்தப் பக்கம் படுப்பீங்க?"

"அஞ்சு பேரு நாங்க. எங்க இடம் கிடைக்குதோ அங்கதான்."

"அப்ப தொட்டில் பக்கமிருந்து ஆரம்பிங்க. அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு. ஆனா தாள உரிச்சா இடுக்கு திறந்துக்குமே. பிள்ளைக்கு..."

"இதுகூட எனக்குத் தெரியாதா? உரிக்க உரிக்கப் பலகைய அடிச்சு மூடிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவேன். நீ ஒண்ணும் கவலப்படாத."

நான் ஒன்றும் கவலைப்படவில்லை.

போன ஞாயிறு காலையிலேயே சாக்கைத் தூக்கி வெளியே போட்டார். தொட்டில் பக்கத்துத் தாளை வருஷம் வருஷமாக உரித்தார். நாகப்பன் அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னடா மாப்ள, வீட்டுக்குத் தோல உரிக்கிற?"

"ஆராய்ச்சி, நாகு. ஆராய்ச்சி."

"செவ்வாய் கிரகம் கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல. மூணு தீபாவளிதான் ஆச்சு. சும்மா நிக்காத, இந்தப் பலகையக் கொஞ்சம் பிடி."

"நீ ரசம் ஊத்துவியா?"

"அண்ணே, ரசம் வச்சிருக்கேன்" என்றேன். உண்மையாகவே வைத்திருந்தேன். பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு.

அன்றைக்குத் தொட்டில் பக்கம் முழுக்கப் பலகை ஏறியது. ஒரு விரல் இடுக்கு இல்லை. ஏழு நாளாகிறது. ஷர்வின் இருமவில்லை. குல்லாயைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூங்குகிறான்.

இன்று காலையில் மிச்சச் சுவர். கடைசியாக அலமாரியை நகர்த்தினார். "தனுஜாஆ!" என்று ஒரு சத்தம். ஓடினேன். ராக்கெட்டுக்கு முன்னால் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எட்டு வயசுப் பிள்ளை மாதிரி இருந்தது முகம். படித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நின்றார்.

"தனுஜா... ரசம் வேற தாளு."

"அப்படியாங்க?"

"பாய்கிட்ட என்ன சொல்லுவேன்?"

"ஒண்ணும் சொல்ல வேணாங்க. அவரு மறந்திருப்பாரு."

அப்புறம் அடியில் இருந்ததைப் படித்தார். தொடர்ச்சி 14-ஆம் பக்கம். அடுத்த பலகையைத் தடவினார். வெறும் கட்டை.

"இங்க இருந்த தாளு உதிர்ந்துபோச்சா?"

"மாமா வேற எங்கயாச்சும் ஒட்டியிருப்பாரோ என்னமோ. அடுப்படிச் சுவத்துலயும் அந்தக் காலத்துத் தாளுதான் இருக்கு."

அவர் அடுப்படியைப் பார்த்தார். மிச்சமிருக்கிற பலகையை எண்ணினார். "ரெண்டு இருக்கு. போதும்" என்று அவரே சொன்னார். இப்போது நீங்கள் கேட்கிற சத்தம் படுக்கை அறையின் கடைசி ஆணி.

அடுப்படியில்தான் ஷர்வினைக் குளிப்பாட்டுகிறேன். அங்கேயும் காற்றுக்குக் குறைச்சல் இல்லை.

பதினாலாம் பக்கம் பத்திரமாக இருக்கிறது. அரிசி டின்னுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில். அடுப்படிச் சுவர் முடிந்த அன்றைக்கு எங்கிருந்தாவது "கிடைக்கும்." அவர்தான் கண்டுபிடிப்பார். என்னைப் பார்த்து, உனக்கெல்லாம் இது தோணுமா என்பார். சொல்லட்டும்.

சரி, நான் ஏன் அழுதேன் என்று சொல்கிறேன் என்றேனே. உங்களுக்கு மட்டும். தலைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். எந்திர மனிதன் இறங்குகிறான். இரண்டு எட்டு நடக்கிறான். திரும்பிப் பார்க்கிறான். பார்த்து, அந்த இரும்புக் கையை நீட்டி...

"தனுஜா! அடுப்படியில எங்கயிருந்து உரிக்கட்டும்?"

ஜன்னல் பக்கமிருந்துங்க! அங்கதான் காத்து... தாளு நிறைய இருக்கு!

"அப்ப இந்த அரிசி டின்ன நகர்த்திடறேன்!"

ஐயோ, அதத் தொடாதீங்க! இருங்க, நான் வந்து