என் பெயரில் இன்னொரு மனிதர்

அன்புள்ள மச்சானுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது.

நான் நலம். எல்லாரும் இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதுவார்கள். நான் லேப் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கழுத்தில் இரண்டு கட்டி இருந்ததல்லவா, இரண்டிலும் கிள்ளி எடுத்து இரண்டு பாட்டிலில் போட்டு லேபுக்குக் கொடுத்தோம். ஒன்றில் வெறும் கொழுப்புதானாம். "அதச் சொல்ல லேப் எதுக்கு? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான வருஷமே சொல்லியிருப்பேனே" என்றாள் உன் அக்கா.

ஆனால் அந்த லேபின் லட்சணத்தைக் கேள். என் இரண்டாவது ரிப்போர்ட்டை இன்னும் காணோம். அதற்குப் பதில் கவரில் வேறு யாருடையதையோ சொருகியிருந்தார்கள். அவருக்கும் என் பெயரேதான், ஆனால் பிறந்த தேதி வேறு, என்னைவிட ஒரு வயது சின்னவர். கேன்சர், மச்சான். வேறெங்கோ தொடங்கிக் கழுத்துவரை வந்துவிட்டதாம். படித்ததும் உயிரே போய்விட்டது, அப்புறம் தேதியைப் பார்த்தேன், போன உயிர் வந்தது, பின்னாலேயே வந்தது பார் கோபம்! நேரே கவுண்டருக்குப் போய், "ஏம்மா, ஒருத்தன் சாவை இன்னொருத்தன் கவர்ல போட்டு அனுப்புவீங்களா? பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா?" என்று பிடித்தேன் ஒரு பிடி. அந்தப் பெண் அழாத குறை. மேனேஜர் ஓடிவந்து, "இனிமே பேரும் பிறந்த தேதியும் ரெண்டும் பொருந்தினாத்தான் சார் ரிப்போர்ட்டைக் கையில குடுப்போம்" என்று சுவரில் அறிவிப்பே ஒட்டிவிட்டார். அந்த இடத்துக்கு ஒரு ஒழுங்கு வந்ததென்றால் அது உன் அத்தானால்தான்.

உன் அக்காவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. "பாவம்ங்க அந்த மனுஷன். அவர் பொண்டாட்டிகிட்ட யார் போய்ச் சொல்றது?" என்று ஒரே அழுகை. முதலில் சிரித்தேன், பிறகு நானும் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன். அவர் இன்னும் ரிப்போர்ட் வாங்க வரவில்லையாம். சீக்கிரம் வந்தால் தேவலை.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி அண்டாதிருக்க என் ஆசிகள். என்னை நினைத்துக் கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "எந்தத் தேதி அவருக்கு?" என்றாள். சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஊசி போட்ட மயக்கத்தில் நான் பெஞ்சில் சாய்ந்திருந்தபோது இரண்டாவது பாட்டிலைக் கவுண்டரில் கொடுத்து விவரம் சொன்னது அவள். முதல் பாட்டிலுக்கு நான் சொன்னது, எங்கும் சொல்வதுபோல, பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா ஒரு வயது கூட்டிக் கொடுத்த தேதி. அவள் சொன்னது நான் நிஜமாகவே பிறந்த தேதி. லேபுக்குப் போன் போட்டேன். "தேதி பொருந்தலையே சார், அது உங்களோடது இல்ல, பயப்படாதீங்க" என்கிறாள் அந்தப் பெண். நீ கிளம்பி வா, மச்சான். உன் அக்காவுக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.