டிராக்டர் அண்ணே பாடிய நாலு வரி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவள். கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். பாட்டைப் பற்றி எழுத எனக்கு சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாளில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தை விரித்து மீன் ஆய்ந்துகொள்ளுங்கள்.

எனக்கு ஒரு கோளாறு உண்டு. ஊரே மெச்சுகிற குரல் எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் திகட்டிவிடும். கரகரத்த குரல், மூக்கால் வருகிற குரல், மேலே ஏறும்போது பாதியில் கிழிந்துவிடுகிற குரல், இவற்றைக் கேட்டால்தான் கைவேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பேன். வானொலியில் அப்படி யாராவது பாடினால் வீட்டில் ஒருவர் நிலையத்தை மாற்ற எழுந்திருப்பார். நான் குறுக்கே போய் நிற்பேன் (வாய் திறக்காமல்தான்).

ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். வழவழப்பான குரல்காரர் எல்லா வரியையும் தாண்டிவிடுவார் என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. நாம் சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். கிழிந்த குரல்காரர் அடுத்த வரியைத் தாண்டுவாரா, மாட்டாரா என்று நாமும் கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அவர் தாண்டிவிட்டால் நாமே தாண்டிய மாதிரி இருக்கும். இதை யாரிடம் சொன்னாலும் "உனக்குக் காதுல ஏதோ கோளாறு, டாக்டரைப் பாரு" என்பார்கள்.

இந்தக் கோளாறுதான் பதினான்கு வருடத்துக்கு முன்பு என் நாத்தனார் கல்யாணத்தில் என்னை மாட்டிவிட்டது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். பாரிட் புந்தாரில் பிறந்த நான், ஈப்போவுக்கு வாழ வந்திருந்தேன். என் வீட்டுக்காரரின் குடும்பம் ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். தோட்டத்துக் கோயில் மட்டும் அங்கேயே இருந்தது. வருடத்துக்கு ஒரு திருவிழாவுக்கு எல்லாரும் வேன் பிடித்துப் போய்க் கூடுவார்கள். நான் வந்த வருடம் திருவிழாவுக்குப் போகவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்தது. அந்தத் திருவிழாவைத் தவறவிட்டது எவ்வளவு பெரிய தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப் போகிற வேனை ராமையா அண்ணே ஓட்டினார். ஐம்பது வயது இருக்கும். 'டிராக்டர்' என்றுதான் பெண்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவர் பாடுவார். அடித்தொண்டையில் உறுமலாக எடுத்து, மேடேறுகிற டிராக்டர் போலத் திணறித் திணறிப் போய், உச்சியில் குரல் இரண்டாகக் கிழியும். சாலையோரத்து நாய்கள் எழுந்து நிற்கும்.

"அண்ணே, காலங்காத்தால கொல்லாதீங்க. ரேடியோவப் போடுங்க" என்பாள் பின் இருக்கை கமலா.

"ரேடியோ ரோசாக்லா, கெட்டுப்போச்சு. இப்ப நாந்தான் ரேடியோ."

"ரேடியோன்னா அடைக்கிறதுக்கு ஒரு சுவிட்சு இருக்கணும்ண்ணே."

வேனே சிரிக்கும். அண்ணேவும் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நான் முன் இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவர் உச்சிக்குப் போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

நாத்தனார் தேவிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அவளோடு வேலை பார்த்தவர். காரைக்குடிப் பக்கம் பூர்வீகம், ஈப்போவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. மாப்பிள்ளையின் அம்மாவை எல்லாரும் ஆச்சி என்று கூப்பிட்டார்கள். 'தோட்டத்து வீட்டிலா பெண் எடுக்கிறது' என்று ஆச்சி யாரிடமோ சொன்னது சுற்றிச் சுற்றி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்து என் மாமியார் சரியாகத் தூங்கவில்லை.

"சாந்தி, நீ இந்த வீட்டுக்குப் புதுசு. உனக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கணும்ல" என்றார் அத்தை. "விருந்துல பாட்டுக் கச்சேரி உன் பொறுப்பு. ரெண்டு பாட்டாச்சும் நல்லா இருக்கணும். அவங்க முன்னாடி நம்ம மூக்கு அறுபடக் கூடாது. புரியுதா?"

"சரிங்கத்த" என்றேன். விருந்துகளில் பாடுகிற பாடகர்களின் பட்டியலை என் வீட்டுக்காரர் கொடுத்தார். எல்லாம் தேன் குரல்கள். எனக்குத்தான் கோளாறு இருக்கிறதே. அடுத்த நாள் வேனில் கடைசி ஆளும் இறங்கும்வரை காத்திருந்து, இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, எங்க நாத்தனா கல்யாண விருந்துல நீங்க பாடுறீங்களா?"

அண்ணே எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"கல்யாணத்துக்கா? நல்லா யோசிச்சுதான் கேக்குறியாம்மா? என்னைச் சாமிக்கும் சாவுக்கும்தான் கூப்புடுவாங்க. கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிட்டதில்லலா."

பஜனைப் பாட்டும் பாடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. கூச்சப்படுகிறவர்கள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

"காதல் பாட்டு ஏதாச்சும் தெரியுமாண்ணே?"

"முப்பது வருசமா ஒன்னு வச்சிருக்கேன். மேடைதான் கெடைக்கல."

வீட்டில் யாரிடமும் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் 'வேன் ஓட்டுறவரா' என்று தடுத்துவிடுவார்கள் என்று பயம். "ஒரு அண்ணே பாடுறாரு" என்று மட்டும் சொன்னேன். அண்ணேவிடமும் எந்த வீடு, யார் மருமகள் என்று சொல்லவில்லை. மண்டபத்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை கோயிலில் தாலி ஏறியது. மதியம் ஹோட்டல் மண்டபத்தில் விருந்து, முப்பது மேசை. மாப்பிள்ளை வீட்டார் இடப்பக்கம், தோட்டத்து ஆட்கள் வலப்பக்கம். பெரிய மேசையில் சம்பந்தி ஐயாவுக்கும் ஆச்சிக்கும் நடுவில் அத்தை பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சாப்பாடு வர ஒரு மணி நேரம் தாமதம். சரி, பாட்டைத் தொடங்குவோம் என்றார்கள்.

ராமையா அண்ணே பூப்போட்ட பாத்தேக் சட்டையில், தலைக்கு எண்ணெய் தடவி, பின்வாசல் வழியாக வந்து நேரே மேடை ஏறினார். கூட்டத்தைப் பார்க்காமலே கண்ணை மூடிக்கொண்டார். எந்தப் பாட்டாக இருந்தாலும் முதலில் "ஏஏஏ" என்று ஒரு நீளமான இழுப்பு அவருக்கு வேண்டும். இழுத்தார். ஒலிபெருக்கியில் அது மண்டபத்தின் நாலு சுவரிலும் போய் மோதியது. ஆச்சி தோட்டைச் சரிசெய்வதுபோலக் கையை வைத்துக் காதை மூடிக்கொண்டார்.

முதல் வரி. ஒன்பதாம் மேசையில் தோட்டத்துப் பெரியம்மா ஒருவர் கைப்பையைக் கீழே போட்டுவிட்டுத் தோளை ஆட்டினார். எனக்கு உயிரே வந்தது. இந்தக் குரலை ரசிக்க உலகத்தில் இன்னொருத்தி இருக்கிறாள்.

இரண்டாம் வரி. பதினோராம் மேசையில் ஒரு மாமா நாற்காலிமேல் ஏறி நின்று ஆடினார். நான் கை தட்டினேன் (ஆமாம், கை தட்டினேன்). அவர் நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, "சுருட்டு கொண்டாங்கடா" என்றார்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"யாரைக் கூட்டியாந்த?"

"வேன் அண்ணே."

"ஐயோ, அது எங்க தோட்டத்துக் கோயில்ல சாமிய அழைக்க வர்ணிப்புப் பாடுற ஆளு சாந்தி. அவரு வாயத் தொறந்தா தோட்டத்துக்கே சாமி வரும். நம்ம ஆளுங்க அந்தக் குரலை வேற எதுக்கும் கேட்டதே இல்லலா. அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு."

பார்த்தேன். அத்தை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு அசைந்தது. "இப்ப வேணாம் தாயே, சம்பந்தி பாக்குறாங்க, இப்ப வேணாம்." ஒன்பது மாதத்தில் அத்தை யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மேடைக்கு ஓடிப் போய் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். முப்பது மேசையும் பார்க்க ஓடுவதா என்று தூணோரம் நின்றேன். மூன்றாம் வரி முடிந்தது.

நாலாம் வரியின் உச்சியில் குரல் கிழிந்தது. அத்தையின் கொண்டை அவிழ்ந்தது. எழுந்துவிட்டார்.

கீபோர்டு வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். அண்ணே கண்ணைத் திறந்தார். அத்தை சுழன்று ஆடி மண்டபத்தின் நடுவே வந்து நின்றார்.

"யாரு என்னைக் கூப்புட்டது?"

வலப்பக்கத்துப் பதினைந்து மேசையும் என் பக்கம் கையைக் காட்டியது. இத்தனை ஒற்றுமையை அந்தக் குடும்பத்தில் நான் பிறகு பார்த்ததே இல்லை.

அத்தை என் முன்னால் வந்தார். மாமியாரிடமே நிமிர்ந்து பேசாதவள், மாமியார் மேல் வந்திருக்கும் அம்மனிடம் என்ன பேசுவது?

"எதுக்குக் கூப்புட்ட?"

"பாட்டுக்குத்தாங்கத்த." ஒருவர் என் விலாவில் இடித்தார். "பாட்டுக்குத்தான் தாயே."

சீனர் ஒருவர்தான் அங்கே பரிசாரகர்களுக்கெல்லாம் தலைவர். அவர் பதறவே இல்லை. "எந்தச் சாமி?" என்று மலாயில் கேட்டார். அவர்கள் பக்கமும் இதெல்லாம் உண்டு போல. பதிலுக்குக் காத்திராமல் குளிர்பான மேசையிலிருந்து ஒரு தட்டு எலுமிச்சம்பழமும், ஐஸ் போடுகிற வாளி நிறையத் தண்ணீரும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். சுருட்டு கேட்ட மாமாவிடம் மட்டும், உள்ளே புகைக்கக் கூடாது என்று பணிவாகச் சொன்னார். அவர் மேல் வந்திருந்த முனியாண்டி அதற்கு ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சம்பந்தி ஐயா எழுந்தார். போகப் போகிறார், மூக்கு அறுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், ஐயா காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நிற்கிறார்.

"ஆத்தா, இந்தப் புள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்குமா?"

"இருக்கும்" என்றார் அத்தை. "ரெண்டு மணியாச்சு. முதல்ல வந்தவங்களுக்குச் சோத்தைப் போடு."

முப்பது மேசையும் கை தட்டியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் இடப்பக்கத்திலிருந்து குறி கேட்க வரிசை நின்றது. மூட்டு வலி, மகன் பரீட்சை, கடைக்கு எதிர்க்கடை. ஆச்சியே கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து நீட்டி மூன்றாவதாக நின்றார்.

கடைசியில் ராமையா அண்ணே இறங்கி வந்தார். ஒலிவாங்கியை மேடையிலேயே வைத்துவிட்டார். அத்தையின் எதிரில் நின்று, அம்மனை மலையேறச் சொல்லும் பாட்டை எடுத்தார். அதே உறுமல்தான். அதே கிழிசல்தான். 'தாயே, வந்தது போதும், வீட்டுக்குப் போ' என்று தூங்காத பிள்ளையைத் தட்டுவதுபோலப் பாடினார். உச்சியில் குரல் இரண்டாகப் பிரிந்தபோது மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் போலவே, முப்பது மேசையும். ஆச்சியின் கை தோட்டுப் பக்கம் போகவே இல்லை.

அத்தை மெதுவாக உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "என்ன ஆச்சு, சோறு வந்துருச்சா?" என்றார்.

வாசலில் அண்ணேவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பாக்கியம் அக்காதான் உன் அத்தைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்றார். பிறகு, "நாலு வரி கெடச்சுதுல, போதும். சரணம் இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், 'பாட்டு சாந்தி ஏற்பாடா? அப்ப எலுமிச்சம்பழம் எத்தன கிலோ வாங்கணும்?' என்று ஒருவராவது கேட்டுவிடுவார். நான் இல்லாத இடத்தில் இந்தக் கதையை அதிகம் சொல்வது ஆச்சிதானாம். "எங்க மகன் கல்யாணத்துக்கு ஆத்தாவே நேர்ல வந்தா. வேற யாரு வீட்டுக்கு வந்தா, சொல்லு பாப்போம்" என்பாராம்.

மறுநாள் திங்கட்கிழமை. நடந்தது முழுவதையும் யாரோ அத்தையிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அத்தை என்னைத் திட்ட அடுப்படிக்கு வந்தார். தொண்டை கட்டிப்போயிருந்ததால், குரல் அடியில் உறுமி மேலே கிழிந்தது. இரண்டு வரிக்குமேல் முடியாமல் சுடுதண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.