இண்டூருக்கு ஐந்து பைசா

மத்திய சர்க்காரையே பேரம் பேசிப் பணியவைக்கலாம் என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, மைல்கல்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலம் பக்கம் பாரவண்டி ஓட்டியவர். சந்தைக்குப் புளிமூட்டை ஏற்றினாலும், கல்யாண வீட்டுக்குப் பந்தல்கால் ஏற்றினாலும், மைலுக்கு இவ்வளவு என்றுதான் வாடகை. அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

நான் அப்போது தபாலாபீசில் ஸ்டாம்பு விற்கும் குமாஸ்தா. மகளை இருபத்தைந்து மைல் தள்ளி இண்டூரில் கட்டிக் கொடுத்திருந்த மைல்கல், சந்தை நாளில் யாரையாவது பிடித்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு என்னிடம் வருவார்.

"இண்டூருக்கு என்னாங்க ரேட்டு?"

"கவருக்கு இருபது பைசாங்க."

"காஷ்மீருக்கு?"

"அதே இருபதுதாங்க."

"என்னாங்க அநியாயம்! தோ இருக்கற இண்டூரும் காஷ்மீரும் ஒண்ணுங்களா? யாருங்க இந்த ரேட்டப் போட்டது?"

"டெல்லியிலங்க."

"வண்டி ஓட்டத் தெரியாதவனா இருப்பான்."

தன் கணக்குப்படி ஐந்து பைசா ஸ்டாம்பு ஒன்றை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிடுவார். குறைகிற பதினைந்துக்கு இரண்டு மடங்காக, முப்பது பைசாவை, வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். மகளின் மாமியார் இரண்டு தடவை கட்டினாள். மூன்றாம் தடவை, "எங்களுக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க" என்று தபால்காரரை அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாக் கடிதமும் திரும்பி வந்தது. போஸ்ட்மாஸ்டர் சட்டம் பேசினார், நான் கெஞ்சினேன்.

"நாயமாத்தான் ஒட்டறேன். டெல்லிக்காரன் எறங்கி வரட்டும்."

டெல்லிக்காரன் இறங்கி வரவில்லை. அதற்குள் மருமகனுக்கு அசாமில் ரயில்வே வேலை கிடைத்து, மகளும் கூடப் போய்விட்டாள்.

அடுத்த சந்தை நாளில் மைல்கல் வந்தார். குரல் உள்ளே போயிருந்தது.

"அசாம் எத்தினி மைலுங்க?"

"ஆயிரத்தி ஐநூறுக்கு மேல இருக்கும்ங்க."

விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, மூன்று ரூபாய்க்கும் ஐந்து பைசா ஸ்டாம்பாகவே கேட்டார். இருபது பைசா போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அத்தினி தூரம் கொண்டு போறவனுக்குக் கொறச்சுக் குடுத்தா, வழியில எங்கியாச்சும் எறக்கி வுட்டுட்டுப் போயிருவான் சாமி. எம்பொண்ணு வூட்டுக்கு இது போய்ச் சேரணும்."

கவரின் முன்னும் பின்னும் ஸ்டாம்பு. மிச்சமிருந்த மூலையில் பொடி எழுத்தில் நான்தான் விலாசம் எழுதிக் கொடுத்தேன். முத்திரை குத்திக் குத்திக் கை வலித்தது.

ஒரு மாதத்தில் மகளிடமிருந்து பதில் வந்தது. கவரை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே ஒரு ஸ்டாம்பு.

"இருவது பைசாவுல அங்கிருந்து வந்துருச்சுங்களா? எப்பிடிங்க கட்டுப்படியாவுது அவங்களுக்கு?"

நான் அதை யோசித்ததே இல்லை. "பக்கத்து ஊருக்குப் போடறவங்களும் அதே காசுதானுங்களே குடுக்கறாங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

கவரை மடியில் செருகிக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுவாரம் பார்க்கிறேன், தபால் பெட்டி அருகே வண்டியை நிறுத்திவிட்டு, கவரோடு வருகிறவர்களை எல்லாம் மடக்கிக்கொண்டிருக்கிறார்.

"எங்கங்க போவுது, இண்டூருக்கா? முழுசா ஒட்டுங்க சாமி. எம்பொண்ணு தூரத்துல இருக்குது."

அதுவரை சம்பளத்துக்காக மட்டும் பார்த்துவந்த உத்தியோகம், அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்துப்போனது.