ரசலையன் பிடித்த வக்கீல்

வக்கீல் தேவையில்லை என்று ரசலையன் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாயில் நுரை இருந்ததால் தீர்மானம் முழுசாக வெளியே வரவில்லை. துப்பிவிட்டு மறுபடியும் சொன்னார்.

"ஏட்டி நேசம், வக்கீலும் வேண்டாம், கிக்கீலும் வேண்டாம். முப்பத்தி நாலு வருஷம் தபாலாபீசிலெ இருந்தவனாக்கும் நான். ஒரு கடுதாசியெப் பாத்தா உள்ளதா கள்ளமான்னு எனக்குத் தெரியாதா?"

நேசபாய் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"கடுதாசியெப் பாத்தா தெரியும். நெலத்தெப் பாத்தா?"

"நெலத்துக்க கடுதாசியெத்தான் பாத்தாச்சே! முத்திரை இருக்கு, ஒப்பு இருக்கு. வில்லங்கச் சான்றும் எடுத்தாச்சு. முப்பது வருஷத்துக்கு ஒரு வில்லங்கமும் இல்லே."

"நமக்கும் கல்யாணம் ஆயி முப்பது வருஷம் ஆச்சு. அதுக்கும் ஒரு சான்று எழுதிப்போட்டு எடுத்தா அதிலெயும் ஒண்ணும் காணாது. அதுக்காக வில்லங்கம் இல்லேன்னு அர்த்தமா?"

ரசலையன் வாய் கொப்பளிக்கப் போனார். பதில் இல்லாத நேரங்களில் அவருக்கு வாய் கொப்பளிப்பது வழக்கம்.

அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். முத்திரை குத்திக் குத்தியே வாழ்ந்தவர் என்பதால், முத்திரை விழுந்த தாள் பொய் சொல்லாது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. இடமாற்றம் இடமாற்றமாக ஊர் சுற்றியதில் சொந்தவீடு அமையவில்லை. இப்போது புதுக்கடையில் இருப்பது பதினோராவது வாடகை வீடு. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரனுக்கு போன் போட வேண்டும். அவன் எடுக்கமாட்டான்.

அதனால்தான் ஊருக்கு வெளியே வீடு வைக்கத் தோதாக ஆறு செண்டு புரையிடம் விலைக்கு வருகிறது என்று கேட்டதும் ஓடிப் போய்ப் பார்த்தார். மூன்று தென்னை, ஒரு வரிக்கைப் பலா, நல்ல தண்ணீர். விற்கிற சிவபிரசாத் திருவனந்தபுரத்தில் கடை வைத்திருப்பவன், தங்கமான மனுஷன். தானே கருக்கு வெட்டி, மூடி சீவி, கையில் கொடுத்தான். இளநீரும் இனிப்பு, முத்திரையும் தெளிவு. அந்த இடத்திலேயே ரசலையனின் மனசு கிரையம் ஆகிவிட்டது.

ஒரே ஒரு இடைஞ்சல். ஓய்வூதியப் பணம் வங்கியில் இரண்டு பேர் பெயரிலும் கிடந்தது. நேசபாயின் ஒப்பு இல்லாமல் வெளியே வராது. "வக்கீல் பாத்து செரின்னு சொல்லாம நான் ஒப்பு போடமாட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், சோற்றில் புளிசேரியை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"வக்கீலெப் பாத்தாச்சு, கேட்டியா? அல்போன்ஸ் வக்கீல். குழித்துறை கோர்ட்டிலெ பெரிய ஆளு. கடுதாசி எல்லாத்தையும் பாத்துட்டு, கொள்ளாம், நல்ல எடம்னு சொல்லிட்டாரு."

"அப்படியா?" நேசபாயின் முகம் மலர்ந்தது. "கொள்ளாமே! அப்போ அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ஊணுக்குக் கூப்பிடுங்க. எனக்கும் கொஞ்சம் சந்தேகம் கேக்கணும்."

புளிசேரி ரசலையனுக்கு மூக்கில் ஏறியது.

மறுநாள் பஸ் பிடித்து மணவாளக்குறிச்சிக்குப் போனார். அங்கே வேலை பார்த்த காலத்திலிருந்து பழக்கமான அல்போன்ஸ் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். இயேசுவின் பாடுகளின் நாடகத்தில், தீர்ப்பு சொல்லிவிட்டுக் கை கழுவுகிற தேசாதிபதி பிலாத்து பதின்மூன்று வருஷமாக அவர்தான். ஆஜானுபாகு. குரலுக்கு மைக்கே வேண்டாம்.

"வக்கீல் வேஷமா?" அல்போன்ஸ் முகம் சுளித்தார். "பிலாத்து தீர்ப்பு சொல்லுகவன்லா சாரே. எனக்கு இது எறக்கமாக்கும்."

"நெய்மீன் கொழம்பு வைப்பா."

"பொரிச்சதும் உண்டா?"

"உண்டு."

"அப்போ எறங்குகேன்."

சட்டம் அதிகம் பேச வேண்டாம் என்று ரசலையன் மூன்றே வாக்கியம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று, 'பாத்தாச்சு.' இரண்டு, 'சட்டப்படி செரியாக்கும்.' மூன்று, 'அதெ பதிவிலெ பாத்துக்கிடலாம்.' எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பொருந்தும் என்றார். அல்போன்ஸ் ஏற்ற இறக்கத்தோடு நாலு தடவை சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், தன் கல்யாணக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அல்போன்ஸ் வந்து இறங்கினார். முன்னறையில் ஏற்கெனவே ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். சாதாரணப் பருத்திச் சேலை, மடியில் ஒரு பெரிய பை.

"இது ஜெனிலா. நம்ம சபையிலெ உள்ள பிள்ளை," என்றாள் நேசபாய். "ஊணுக்கு இருக்கச் சொன்னேன்."

இலை போட்டாயிற்று. நெய்மீன் துண்டு ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அல்போன்ஸ் முதல் துண்டை எடுத்தபோது நேசபாய் ஒரு பழைய டைரியைத் திறந்தாள்.

"வக்கீல் சாரே, சிவபிரசாதுக்கு இந்த இடம் எப்படி வந்து?"

"பாத்தாச்சு," என்றார் அல்போன்ஸ்.

"எப்படி வந்துன்னு கேட்டேன்."

"அப்பன் வழியா," ரசலையன் முந்திக்கொண்டார்.

"அப்பன் எழுதிக் கொடுத்தாரா? இல்லே, ஒண்ணும் எழுதாமலே செத்தாரா?"

"சட்டப்படி செரியாக்கும்."

"சாவுகதா?"

ரசலையன் அல்போன்சின் இலையில் இன்னொரு மீன் துண்டை வைத்தார். அல்போன்ஸ் கோட்டுக்குள் வேர்த்து வழிந்தார்.

"பட்டா அவன் ஒருத்தன் பேரிலெ இருக்கு. அவனுக்குக் கூடப்பெறந்தவிய உண்டா?"

"அதெ பதிவிலெ பாத்துக்கிடலாம்."

"கூடப்பெறப்பையா?"

மூன்றும் தீர்ந்துபோயின. அப்போதுதான் அதுவரை வாய் திறக்காமல் மரச்சீனியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த ஜெனிலா மெதுவாகக் கேட்டாள்.

"சார், வாரிசுச் சான்று பாத்தியளா?"

அல்போன்ஸ் ரசலையனைப் பார்த்தார். ரசலையன் ஊறுகாயைப் பார்த்தார். ஆதரவற்ற அந்தக் கணத்தில் அல்போன்சுக்குத் தெரிந்த ஒரே நீதிமன்ற வசனம் தானாக வாயில் வந்தது. எழுந்தார். தண்ணீர்ச் செம்பைத் தூக்கி இரண்டு கைகளிலும் ஊற்றிக்கொண்டார். தெரு முழுக்கக் கேட்கும் குரலில் முழங்கினார்.

"இவ்விஷயத்தில் எனக்கு யாதொரு பங்கும் இல்லை!"

"ஒங்களுக்குப் பங்கு இல்லேங்கது உள்ளதாக்கும் சார்," என்றாள் ஜெனிலா. "ஆனா சிவபிரசாதுக்க தங்கச்சிக்கு உண்டு."

பிறகு பையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தாள். குழித்துறை கோர்ட்டில் ஆறு வருஷமாக வக்கீலாக இருப்பவள் அவள். நேசபாய் போன வாரமே அவளைப் போய்ப் பார்த்திருந்தாள்.

"சிவபிரசாதுக்க அப்பா உயில் எழுதல்லெ. பிள்ளைய ரெண்டு பேரு. தங்கச்சி குவைத்திலெ நர்ஸ். நகை போட்டுக் கெட்டிக் கொடுத்ததோடெ அவளுக்க பங்கு முடிஞ்சுன்னு அண்ணன் நெனைச்சிட்டாரு. ஏமாத்தணும்னு இல்லே. ஆனா அவ ஒப்பு போடாம இந்த எடத்திலெ பாதி ஒங்களுக்கு வராது."

"வில்லங்கச் சான்றிலெ அப்படி ஒண்ணும் இல்லியே," என்றார் ரசலையன்.

"அதிலெ பதிஞ்ச பத்திரந்தான் சார் வரும். பெறந்த பிள்ளை வராது. பின்னெ, ரோட்டிலேந்து உள்ளே போற பாதை பக்கத்து விளைக்காரருக்க இடம். எந்தப் பத்திரத்திலெயும் எழுதல்லெ. நாளைக்கு அவரு வேலி கெட்டினா ஒங்களுக்குத் தபாலே வராது."

மற்றதெல்லாம் காதோடு போயிற்று. தபால் வராது என்பது மட்டும் ரசலையனின் நெஞ்சில் போய்த் தைத்தது. பாதி மீனை இலையில் விட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் போனார்.

துவைகல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் அல்போன்ஸ் இரண்டாம் தடவை சோறு கேட்கும் சத்தமும், பிறகு விடைபெறும் சத்தமும் கேட்டது. நேசபாய் ஒரு ரசகதலிப் பழத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"எப்போ கண்டுபிடிச்செ?" தலை நிமிராமல் கேட்டார்.

"நீங்க பேரு சொன்ன மறுநாளே. அப்படி ஒரு வக்கீலே குழித்துறை கோர்ட்டிலெ இல்லேன்னு ஜெனிலா சொன்னா. இன்னைக்குக் கோட்டோடெ வந்து எறங்கினப்போ ஆளு யாருன்னும் புடிகிட்டி. மூணு வருஷம் முந்தி அந்த நாடகத்துக்கு என்னெக் கூட்டிட்டுப் போனதே நீங்கதானே?"

"பின்னெ எதுக்கு அந்த மனுஷனெ இருத்தி நெய்மீன் போட்டே?"

"பாவம், அம்பிட்டு தூரம் வந்தவருல்லா. நீங்க சொன்னா கேக்கமாட்டிய. கண்டாத்தான் கேப்பிய."

ரசலையன் பழத்தை வாங்கிக்கொண்டார். உரிக்கவில்லை.

"ஒனக்கு ஒரு வீடு வச்சுத் தரணும்னுதாண்டி வெப்ராளப்பட்டு ஓடினேன். இந்த எடமும் கை விட்டுப் போயிருமோன்னு பயம்."

"அது எனக்குத் தெரியாதா?" நேசபாயின் குரல் இறங்கியது. "பதினோரு வீட்டிலேந்து பாத்திரத்தெக் கெட்டியாச்சு நான். பன்னெண்டாவது வீட்டிலெ வந்து ஒருத்தி, 'இது எனக்க பங்கு, எறங்குங்க'ன்னு சொன்னா நாம எங்கெ போவோம்? நமக்கு இனி வயசா இருக்கு?"

ரசலையன் பழத்தை உரித்துப் பாதியை அவளிடம் நீட்டினார். இந்தத் தடவை வாய் கொப்பளிக்கப் போகவில்லை.

அதன்பிறகு காரியங்கள் ஜெனிலாவின் கைக்குப் போயின. சிவபிரசாத் விஷயம் கேட்டுப் பதறிப்போய், அன்றைக்கே குவைத்துக்கு போன் போட்டான். கிறிஸ்துமஸ் லீவில் மெனக்கெட்டு வந்த தங்கச்சி சிரித்த முகத்தோடு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பு போட்டாள். வருஷத்துக்கு ஒரு வரிக்கைப் பழம் தந்தால் போதும் என்றாள். பக்கத்து விளைக்காரரைப் பார்க்க ஜெனிலா நாலு தடவை நடந்தாள். கடைசியில் அவரும் பாதையை எழுதிக் கொடுத்தார். வங்கியில் நேசபாயும் ஒப்பு போட்டாள்.

கிரையப் பத்திரத்தின் வரைவு தயாரானதும் ஜெனிலா வீட்டுக்குக் கொண்டுவந்து ரசலையனிடம் நீட்டினாள்.

"ஒருக்கா வாசிச்சிருங்க சார்."

ரசலையனுக்குப் பழைய புண் முழுசாக ஆறியிருக்கவில்லை.

"வக்கீல் எழுதினதிலெ தபால்காரனுக்கு என்ன சோலி? நீங்க ரெண்டு பேரும் பாத்தா போதும்," என்று காகிதத்தைத் தொடாமலே திண்டில் சாய்ந்துகொண்டார்.

நேசபாயும் ஜெனிலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வற்புறுத்தவில்லை.

பதிவு நாளன்று ரசலையன் விடியுமுன்பே குளித்தார். புதுச் சட்டை, புது வேட்டி. சட்டைப்பையில் புதுப் பேனா. ரெஜிஸ்டர் ஆபீசில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். சொந்தமாக ஆறு செண்டு மண் உள்ள மனுஷன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். கண் கொஞ்சம் கலங்கக்கூடச் செய்தது. சிவபிரசாத் ஒப்பு போட்டு முடித்ததும், அவர் முன்னால் போய், 'வாங்குபவர்' என்றிருந்த இடத்தில் பேனாவை ஊன்றினார்.

ஜெனிலா அவர் கையைப் பைய விலக்கி, பத்திரத்தை நேசபாயின் பக்கம் தள்ளினாள்.

"அது ஆன்ட்டிக்க இடம் சார். ஒங்க இடம் கீழே, சாட்சிக்கு நேரெ."