இறங்கி விளக்கிய காளியண்ணன்

கிரிக்கெட் மைதானத்துக்குப் போகிற கூட்டத்தில் தனியாக ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், இவர் போலீஸைப் பார்ப்பார். குடிப்பதில் இவருக்குப் பெரிய நாட்டமில்லை. குடித்தும் கேஸில் சிக்காமல் வீடு திரும்புவதில்தான் போதையே. போதைச் சட்ட மேதை என்று வைத்துக்கொள்வோம். சட்டம் எங்கே படித்தார்? படிக்கவில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்.

எருமப்பட்டி காளியண்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். வாழப்பாடிப் பக்கம் மேட்ச். மறுநாள் காலை மகள் மோனிஷாவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"அவங்க வாரப்ப நீங்க ஸ்டேஷன்ல இருந்தீங்கன்னா, நேரா அங்கயே கூட்டியாந்துருவேன்" என்று மனைவி அமுதவல்லி சொல்லித்தான் அனுப்பினார்.

"என் மேல கேஸா?" என்று சிரித்தபடி காரில் ஏறியவர், பாட்டிலோடு மைதானத்து கேட்டை நெருங்கக் கூடாது, தண்ணீர் பாட்டிலில் கலந்து கொண்டுபோகிறவன் முட்டாள், நிறுத்திய காருக்குள் குடித்தாலும் ரோடு ரோடுதான், பாருக்குள் உட்கார்ந்து குடி, பக்கத்து சீட்டுக்காரனின் டீமைத் திட்டாதே, ஓட்டுவதற்கு ஆக்டிங் டிரைவர் வை, அவருக்கு மோர் மட்டும் வாங்கிக் கொடு என்று ராசிபுரம் தாண்டுவதற்குள் மச்சினன் தங்கசாமிக்கும் பட்டறைக் கூட்டாளி கதிருக்கும் பாடத்தை முடித்துவிட்டார். தலையாய விதியை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"போலீஸ் வந்தா வாயத் தொறக்கப்படாது. எனக்கே என்ன ஆனாலும் தொறக்கப்படாது."

"ஏனுங்ணா, இன்னைக்கு எந்த டீமு ஆடுது?" என்றான் கதிர்.

"அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம்."

எல்லாம் விதிப்படியே நடந்தது. திரும்பும் வழியில் வாகனச் சோதனை. ஆக்டிங் டிரைவர் கந்தன் ஊதினார். கருவியில் பூஜ்ஜியம். சப்-இன்ஸ்பெக்டர், "போங்க" என்றார்.

அவ்வளவுதானா? இத்தனை சட்டம் தெரிந்த மனிதரிடம் ஒரு கேள்விகூட இல்லையா? காளியண்ணனால் தாங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"சார், நாங்க குடிச்சிருக்கறோங்க. பின்னாடி உக்காந்து வந்தா கேஸ் இல்லீங்களே?"

"இல்லீங்க. கெளம்புங்க."

"ஏன் இல்லைன்னு தெரியுங்களா?"

தங்கசாமி சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பயனில்லை. காளியண்ணன் இறங்கினார், ஒரு செருப்பு காரிலேயே தங்கிவிட்டது. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்க, நடுரோட்டில் கைகளை விரித்து நின்று, குடித்தவன் காருக்குள் இருக்கும்வரை எப்படிப் பத்திரம், ரோட்டில் இறங்கி நாலு பேருக்குத் தொந்தரவு கொடுத்தால் மட்டும் அது எப்படிக் குற்றமாகிறது என்று பிரிவு எண்ணோடு விளக்கினார். சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"இப்ப நீங்க எங்கீங்க நிக்கறீங்க?"

காளியண்ணன் கீழே பார்த்தார்.

மச்சினனும் கூட்டாளியும் என்ன செய்தார்கள்? வாயைத் திறக்கவில்லை. அத்தனை தடவை சொல்லியிருந்தாரே. கார் கிளம்பியது. செருப்பும் போனது.

வீட்டிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவோம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். அமுதவல்லிக்கு ஃபோன் போனது. அவர் திட்டவே இல்லை.

"அங்கயே இருங்க சாமி. காலைல அவங்களையும் கூட்டிட்டு வாரேன்."

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போது, "பின்சீட்டுக்காரன் மேலயும் கேஸ் போடலாமே, எழுதினவனுக்குச் சட்டம் தெரியல" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுத்தீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒருமுறை கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.